பதினோராவது முத்திரை

அந்தப் புத்தகத்தை நான் எனக்காகத்தான் எடுத்தேன். ஜேர்மனியில், ஹம் நகரத்து ரயில் நிலையத்தில் சுற்றுலாத் துண்டுப் பிரசுரங்கள் அடுக்கியிருக்கும் தட்டில் கிடந்தது. உள்ளங்கையளவு, பச்சை மட்டை. வெஸ்ட்பாலியாவின் பழைய கோட்டைகள் எட்டும், பதினேழாம் நூற்றாண்டின் முப்பது வருட யுத்தத்தின் இடங்கள் நான்கும் அதில் இருந்தன. இடத்துக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு வெறும் சதுரம். அந்தந்த இடத்துக்குப் போய் அங்கிருக்கும் முத்திரையைச் சதுரத்தில் குத்த வேண்டும். ஒக்டோபர் முடிவதற்குள் பன்னிரண்டும் நிரம்பினால் பெயர் எழுதிய சான்றிதழ் ஒன்று தருவார்கள்.

நான் சரித்திர ஆசிரியராவதற்குப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் நான்தான். அப்பா இரண்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். இங்கே வந்த நாளிலிருந்து பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. அம்மாவுக்கு முதியோர் இல்லமொன்றின் சமையலறை. எங்கள் வரவேற்பறைச் சுவரில் ஒரேயொரு சான்றிதழ்தான் தொங்கியது, என்னுடைய உயர்தரப் பரீட்சைச் சான்றிதழ். அதுவும் நிழற்பிரதி. அசல் அப்பாவின் கறுப்புக் கோப்பில், கடவுச்சீட்டுகளுக்கு நடுவில் இருந்தது.

அப்பா புத்தகத்தை வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் தட்டினார்.

"இதுக்குப் பேர் எங்கை எழுதிறது?"

"முன்பக்கத்திலை."

"ஆற்றை பேரும் எழுதலாமோ?"

நான் ஓம் என்றேன். அவர் பேனையை எடுத்துத் தன் பெயரை எழுதினார், மிகவும் மெதுவாக. பிறகு புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தார்.

"உங்கை சுவரிலை உன்ரை மட்டும்தானே தொங்குது," என்றார்.

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் முதலாவது கோட்டைக்குப் போனோம். சுற்றிவர அகழி, அகழியில் நீந்தும் தாராக்கள், பாலத்துக்கு அப்பால் செங்கல் கோபுரம். பாலத்தடியில் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு தகரப் பெட்டி, பெட்டிக்குள் சங்கிலியில் கட்டிய முத்திரை. அப்பா பெட்டியைப் பார்த்தார். பெட்டிக்குப் பின்னாலும் போய்ப் பார்த்தார்.

"ஆள் எங்கை?"

"ஆள் இல்லையப்பா. நாங்களே குத்த வேண்டியதுதான்."

கந்தோரில் அதிகாரியின் கதிரையில் ஏறி இருக்கச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார்.

"நாங்களே எங்களுக்குச் சீல் குத்தினால் அதுக்கு என்ன மரியாதை? வந்தனாங்கள் எண்டதுக்கு ஆர் சாட்சி?"

"எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம்."

"எல்லாரும் செய்யட்டும்."

அவரிடம் நான் வாதாடவில்லை. காரணம் எனக்குத் தெரியும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் யாரோ ஒருவர் அவருடைய அன்ட்ராக்கை, அதுதான் விண்ணப்பத்தை, அவருக்காக நிரப்பிக் கொடுத்தார். அப்பா வாசிக்காமல் கையெழுத்து வைத்தார். அதில் பிறந்த திகதி பிழை. அந்தத் திகதி ஒவ்வொரு கந்தோருக்கும் அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. அதைத் திருத்தி முடிக்கப் பல வருடங்கள் எடுத்தன.

ஆகவே காத்திருந்தோம். அம்மா புல்லில் துணியை விரித்து இடியப்பத்தையும் சம்பலையும் எடுத்தார். "வடிவாய்ப் போச்சு. கந்தோரிலைதான் இருத்துறியள் எண்டால் கோட்டையிலையும் இருத்துறியள்," என்றார். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு நாயோடு ஒரு பெண்மணி வந்தார். அப்பா எழுந்து நின்று, தொழிற்சாலையில் பழகிய ஜேர்மன் மொழியில் விசயத்தைச் சொன்னார். அவர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு நாயின் கயிற்றை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, சதுரத்தின் நடுவில் அளந்து குத்தினார். அப்பா பேனையை நீட்டி, பக்கத்தில் கையெழுத்தும் வைக்கச் சொன்னார். அவர் வைத்தார். நாய் மட்டும் அம்மாவின் சம்பலைப் பார்த்துக்கொண்டு போக மறுத்தது.

அதன் பிறகு எல்லா இடத்திலும் அதுதான் முறை. ஒரு கோட்டையில் சைக்கிள்காரர் ஒருவர் குத்தினார். இன்னொன்றில் கூரை வேலைக்காரர் ஏணியிலிருந்து இறங்கிவந்து குத்தினார். ஐந்தாவதில் கல்யாணப் படம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மணப்பெண் வெள்ளை உடுப்பைத் தூக்கிப் பிடித்தபடி வந்து முத்திரையைக் குத்தி, கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு இதயமும் கீறினாள். அப்பாவுக்கு அந்த இதயம் கொஞ்சம் உறுத்தியது. சீலில் படாமல் தள்ளிக் கீறியிருந்ததால் விட்டுவிட்டார்.

காத்திருந்ததில் எனக்கு ஒரு லாபம் வந்தது. மற்றவர்கள் கால் மணித்தியாலத்தில் சுற்றிவிட்டுப் போகும் இடத்தில் நாங்கள் அரைநாள் இருந்தோம். எந்தக் கல்லில் கொத்தன் தன் அடையாளத்தை வெட்டியிருக்கிறான், அம்பு விடும் துவாரத்தில் எந்தக் குருவி கூடு கட்டியிருக்கிறது, மத்தியான வெயில் கிணற்றின் எந்தப் பக்கம் விழுகிறது என்பதெல்லாம் மனப்பாடமாகிவிட்டன. அம்மா அடுப்பங்கரைகளை மட்டும் பார்ப்பார். "இவ்வளவு பெரிய புகைக்கூண்டு. சமைச்ச பொம்பிளையள் எங்கை படுத்தவையாம்?" என்று கேட்டார். திங்கட்கிழமை நூலகத்தில் தேடினேன். அங்கும் அகப்படவில்லை.

யுத்த இடங்கள் வேறு மாதிரி. ஒன்றில் தேவாலயத்துச் சுவரில் பீரங்கிக் குண்டு இன்னமும் புதைந்திருந்தது. அப்பா அண்ணாந்து பார்த்தார்.

"ஆரும் ஆரும் அடிபட்டவை?"

"முதல் இவையளுக்குள்ளைதான். பிறகு வெளியாக்களும் வந்து பூந்தவை."

"எத்தினை வருசம்?"

"முப்பது."

"எங்கடையும் கிட்டத்தட்ட வந்திட்டுதுதானே," என்றார். பிறகு தேவாலயத்தைச் சுற்றிவந்தார். பின்பக்கத்தில் நிலவறை வாசல் ஒன்று இருந்தது. அதைக் கண்டதும் தேடியது கிடைத்தவர்போலத் தலையை ஆட்டினார். "எங்கடை பங்கர் மாதிரி நல்ல இடத்திலை வெட்டியிருக்கிறாங்கள். காத்து வரும்." அன்றைக்குச் சீல் குத்தியவர் அந்தத் தேவாலயத்தில் மணியடிப்பவர்.

இப்படிப் பத்து முடிந்தது. இரண்டு மட்டும் மிச்சம். இடையில் அப்பாவுக்கு ஞாயிறு வேலை விழுந்து ஒக்டோபரின் கடைசி ஞாயிறுதான் கிடைத்தது. காலையில் பதினோராவது, ஒரு மலைக்கோட்டையின் இடிபாடு. பின்னேரம் பன்னிரண்டாவது, பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பழைய நகரமண்டபம். அது ஐந்து மணிக்குப் பூட்டிவிடும். இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு பஸ்.

மலையில் மழை. ஒரு ஈ காக்கை இல்லை. கூரையில்லாத கோபுரமும் பாதி வாசல் வளைவும்தான் அங்கே இருந்தன. அம்மா வளைவுக்குள் ஒதுங்கி நின்றார். காத்திருந்ததில் பின்னேரம் இரண்டரை மணியாகிவிட்டது, பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம். அதை விட்டால் மண்டபம் பூட்டிவிடும், வருடமும் போய்விடும்.

"கீழை கார் நிப்பாட்டுற இடத்திலை ஆரும் நிக்கினமோ பாத்துக்கொண்டு வாறன்," என்று அப்பா புத்தகத்தை என் கையில் தந்துவிட்டு இறங்கினார்.

அவர் தலை மறைந்ததும் நான் பெட்டியைத் திறந்து முத்திரையைக் குத்தினேன். பக்கத்தில் கையெழுத்தும் வேண்டுமே. என் எழுத்தென்று தெரியக்கூடாது என்பதற்காக இடக்கையால் ஒரு கீறல் போட்டேன்.

அப்பா நனைந்து வந்தார். "ஒருத்தரும் இல்லை."

"ஒராள் வந்தவரப்பா. ஓடிக்கொண்டு வந்தவர். குத்திப்போட்டுப் போட்டார்."

"இந்த மழையிலையோ?"

"இவையள் மழையிலையும் ஓடுவினம்."

அவர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "நல்ல மனுசன். அவசரத்திலையும் வடிவாய்க் குத்தியிருக்கிறார்."

அம்மா பிளாஸ்கின் மூடியை இறுக்கினார்.

நகரமண்டபத்தில் வாசல் மேசைக்குப் பின்னால் நரைத்த தலையோடு ஒரு பெண்மணி இருந்தார், கண்ணாடியைக் கழுத்தில் கயிற்றில் தொங்கவிட்டபடி. உத்தியோகத்தர் ஒருவரைக் கண்ட சந்தோசம் அப்பாவின் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் பார்த்து முடித்த பிறகுதான் சீல் என்பது அவருடைய சட்டம். பழைய வாள்கள், வரைபடங்கள், ஊரைப் பிடித்த தளபதியின் சப்பாத்து எல்லாம் பார்த்தோம். கடைசி மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே கருவாடுபோலக் காய்ந்த ஒரு கை.

"இது என்ன தம்பி?"

"கை."

"கையெண்டு எனக்கும் தெரியுது. என்ன எழுதிக் கிடக்கு?"

ஒன்பது வயதிலிருந்து இந்த வீட்டுக்கு வரும் கடிதங்களை வாசிப்பவன் நான். வரிக் கந்தோர், வைத்தியசாலை, வீட்டுக்காரர், எந்தக் கடிதமென்றாலும் இருப்பதை இருப்பதுபோலத்தான் சொல்லியிருக்கிறேன். கெட்ட செய்தியிலும் ஒரு சொல்லைக் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. பெட்டியிலிருந்த அட்டையை இரண்டு தரம் வாசித்தேன்.

"பொய்க் கையெழுத்து வைச்ச ஒரு எழுத்தரின்ரை கையாம். ஊராக்கள் சொல்லுற கதை. உண்மையோ எண்டு தெரியாதாம்."

"எந்தக் கை?"

"வலக்கை."

அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன், "அப்பா, நான் இடக்கையாலைதான் வைச்சனான்."

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. புத்தகத்தை எடுத்தார், பதினோராவது பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"உமக்குத் தெரியுமோ?"

"நான் பாத்துக்கொண்டுதானே நிண்டனான்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"எனக்குக் குளிர்ந்தது," என்றார் அம்மா.

அப்பா சத்தம் போடவில்லை. "வாசிக்கத் தெரிஞ்சவன் எண்டுதானே உன்ரை கையிலை தந்தனான்," என்று மட்டும் சொன்னார். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் என் கையையும் வைத்துவிடலாம்போல இருந்தது.

அவர் நேரே மேசைக்குப் போனார். நாங்கள் பின்னால் போனோம். புத்தகத்தைத் திறந்து வைத்து ஜேர்மன் மொழியில் சொன்னார்: "பதினோராவது சரியில்லை. ஆள் குத்தவில்லை. என் மகன் குத்தினான்."

அந்தப் பெண்மணி சிரித்தார். "எல்லோரும் தாங்களேதான் குத்துகிறார்கள்." அப்பா சிரிக்கவில்லை. அதைக் கண்டு அவரும் நிறுத்தினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து தட்டத் தொடங்கினார். நாய்ப் பெண்மணி, சைக்கிள்காரர், கூரைக்காரர், மணப்பெண்ணின் இதயம் எல்லாவற்றிலும் நின்று நின்று வந்தார். இந்த மேசையில் இருந்த காலத்தில் சாட்சிக் கையெழுத்தோடு ஒரு புத்தகத்தைப் பார்த்ததில்லை என்றார். பிறகு குரலை மாற்றி, விசாரணைபோல என்னைக் கேட்டார்.

"இன்று நீங்கள் அங்கே இருந்தீர்களா?"

"இருந்தேன்."

"மூன்று பேருமா?"

"மூன்று பேரும்."

"கோபுரத்துக்குக் கூரை உண்டா?"

"இல்லை. நனைந்துவிட்டோம்."

எங்கள் உடுப்பிலிருந்து தரையில் சொட்டிய தண்ணீரைப் பார்த்தார். போதும் என்பதுபோலத் தலையாட்டி, பதினோராவது பக்கத்தில் "கெஸேன்" என்று எழுதினார். பார்த்தேன் என்று அர்த்தம். திகதி போட்டார், தன் கையெழுத்தை வைத்தார். பிறகு லாச்சியைத் திறந்து, மண்டபத்தின் சொந்த வட்ட முத்திரையை எடுத்து அதன்மேல் அழுத்தினார். மற்றச் சீல்களைவிட ஒன்றரை மடங்கு பெரியது.

அப்பா மூச்சு விட்டார். ஆனால் புத்தகத்தை மூடவில்லை. பேனையை என்னிடம் நீட்டினார்.

"அந்தக் கீறலை வெட்டிப்போட்டு உன்ரை சொந்தக் கையெழுத்தை வை. வலக்கையாலை."

வைத்தேன். பன்னிரண்டாவதை அந்தப் பெண்மணியே குத்தினார். சான்றிதழ் இரண்டு கிழமையில் தபாலில் வந்தது. பெயரில் ஒரு எழுத்தும் பிழையில்லை. அப்பா மூன்று தரம் சரிபார்த்து அசலைக் கறுப்புக் கோப்பில் வைத்தார். வண்ணப் பிரதியை என்னுடையதற்குப் பக்கத்தில், ஒரே உயரத்தில் மாட்டினார்.

வீட்டுக்கு வருபவர்களுக்கு இப்போது அவர் சுவரைக் காட்டுவதில்லை. புத்தகத்தை உறையிலிருந்து எடுத்துப் பதினோராவது பக்கத்தைத்தான் முதலில் விரிக்கிறார். "இதிலைதான் ரெண்டு சீல் கிடக்கு," என்று தொடங்கி, மழை, ஓடிவந்த ஆள், காய்ந்த கை என்று ஒன்றையும் விடாமல் சொல்கிறார். மண்டபத்துப் பெண்மணியின் விசாரணை வரும் இடத்தில் அம்மாவும் கூடச் சேர்ந்துகொள்வார். நான் அந்நேரம் தேத்தண்ணித் தட்டோடு வந்து நிற்பேன். எல்லோரும் நிமிர்ந்து முதலில் என் இடக்கையைத்தான் பார்ப்பார்கள்.