என் பிராதில் இல்லாத வரி

கொளஞ்சியப்பரை நம்பியிருக்கும் அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். என் மகள் அபிநயாவுக்குக் காது கேட்கவில்லை என்று எனக்குத் தெரியவந்தது 2006 தீபாவளி முடிந்த நான்காம் நாள். அப்போது அவளுக்கு எட்டு மாதம். அன்றைக்கு நான் சாமியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிய அதே வாயால் இப்போது நடந்ததைச் சொல்கிறேன். அழகாகச் சொல்ல எனக்கு வராது. நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் எனக்கு வேலை. சூளையில் வெந்து வரும் பியூஸ் கட்டைகளைத் தரம் பிரிக்க வேண்டும். ஒரு கட்டையை எடுத்து இன்னொன்றால் லேசாகத் தட்டுவோம். நல்லதாக இருந்தால் 'டிங்' என்று மணி போலக் கேட்கும். உள்ளே விரிசல் இருந்தால் 'டொக்' என்று அடங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூட என் காதுக்குத் தப்பாது. சூப்பர்வைசருக்கே சந்தேகம் வந்தால் என்னிடம்தான் கொண்டுவந்து நீட்டுவார். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கோபமும் உண்டு. அது கொஞ்சம் இல்லை, நிறைய.

அபி பிறந்து ஐந்து மாதத்தில் அவளையும் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். தரம் பிரிக்கும் மேசைக்குப் பக்கத்திலேயே புடவையில் தூளி கட்டிப் போட்டிருந்தேன். நாள் முழுக்க டிங் டொக் சத்தம், தள்ளுவண்டி சத்தம், சூளைப் பக்கத்து இரைச்சல். அவள் பாட்டுக்குத் தூங்குவாள். கூட வேலை பார்க்கும் மேரியக்கா, "உம்புள்ள மாதிரி ஒரு புள்ள கெடைக்குமா செல்வி? பக்கத்துல இடி வுழுந்தாலும் தூங்குது" என்பார். நான் திருஷ்டி பட்டுவிடுமே என்று பேச்சை மாற்றுவேன்.

எங்கள் வீட்டில் நான், என் வீட்டுக்காரர், குழந்தை, என் கொழுந்தன் செந்தில். வீட்டுக்காரருக்கு அதே கம்பெனியில் சூளை வேலை. செந்தில், சேத்தியாத்தோப்பு போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அவருக்கு அபி என்றால் உயிர். டூட்டி முடிந்து வந்ததும் காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் அவள் முன்னால் உட்கார்ந்து, கன்னத்தை உப்பிக்கொண்டு கண்டக்டர் விசிலை ஊதுவார். அவள் கையைக் காலை உதைத்துச் சிரிப்பாள். விசில் சத்தத்துக்குச் சிரிக்கிறாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். உப்பிய கன்னத்தைப் பார்த்துச் சிரித்தாள் என்பது பிறகுதான் புரிந்தது.

தீபாவளி அன்று காலை அவளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, ரோஸ் கலர் கவுன் போட்டுத் தூங்க வைத்திருந்தேன். வாசலில் செந்தில் ஓர் அணுகுண்டு வெடியை வைத்து, அதன்மேல் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்துக் கொளுத்தினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வடைச் சட்டியை அப்படியே விட்டுவிட்டுக் குழந்தையிடம் ஓடினேன். அவள் வாயைச் சப்பிக்கொண்டு தூங்கினாள்.

"பாத்தீங்களா அண்ணி, அசையல பாருங்க. சிங்கக்குட்டி" என்று செந்தில் சிரித்தார். நானும் சிரித்தேன். பக்கத்து வீடுகளுக்கு அதிரசம் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, "அணுகுண்டுக்கே அசையலீங்க எம்பொண்ணு" என்று பெருமை வேறு பேசினேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான்காம் நாள் கம்பெனியில் ஒருவர் கை தவறி, ஒரு தட்டு நிறையக் கட்டைகள் தூளிக்குப் பின்னால் விழுந்தன. நாங்கள் அத்தனை பேரும் துள்ளி விழுந்தோம். அபி விழித்துத்தான் இருந்தாள். தன் விரலைப் பார்த்து விளையாடிக்கொண்டிருந்தாள். இமைகூட ஆடவில்லை.

மேரியக்கா முகம் மாறிப்போனது. "செல்வி, இங்க வா" என்று கூப்பிட்டு, இரண்டு கட்டைகளை எடுத்துக் குழந்தையின் காதுக்குப் பின்னால் தட்டினார். ஒன்றும் இல்லை. நான் வாங்கித் தட்டினேன். டிங். மறுபடி டிங். அவ்வளவு சுத்தமான சத்தம். எத்தனை தடவை தட்டினேன் என்று தெரியாது. மேரியக்காதான் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

சாயங்காலம் செந்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் அவர்மேல் பாய்ந்தேன்.

"புள்ள தூங்குற வூட்டு வாசல்ல வெடி வெச்சியே, அது காத கொண்டுபோயிட்டியே" என்றேன். அதுவரை அவரை 'வாங்க தம்பி, போங்க தம்பி' என்றுதான் பேசியிருக்கிறேன்.

"அண்ணி, நான் வேணும்னா செஞ்சேன்?"

"வேணும்னு செஞ்சா என்ன, தெரியாம செஞ்சா என்ன? போனது வருமா?"

என் வீட்டுக்காரர், "சும்மா இரு செல்வி, மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கேட்கவில்லை. செந்தில் பையை எடுத்துக்கொண்டு சேத்தியாத்தோப்பில் ஒரு டிரைவர் அறையில் போய்த் தங்கிக்கொண்டார்.

அந்த வாரமே மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குத் தனியாகப் போனேன். எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன். நியாயம் கிடைக்காதவர்கள் கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதுவார்கள். போலீஸ் ஸ்டேஷனில் மனு எழுதுவது போலவே, என் பேர் இன்னது, என் ஊர் இன்னது, என் குறை இன்னது என்று. அதை சாமி பாதத்தில் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட வேண்டும். மூன்று மாதத்துக்குள் சாமி விசாரித்து முடிப்பார் என்பது நம்பிக்கை. முடிந்ததும் திரும்பப் போய், 'என் குறை தீர்ந்தது' என்று ராஜினாமா எழுதி வைக்க வேண்டும்.

முதல் நாள் வீட்டிலேயே காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிப் பார்த்து, கோயிலில் அதைப் பார்த்து வெள்ளைத் தாளில் திருத்தமாக எழுதினேன். கட்டிவிட்டு வந்ததும் ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தையைத் தூங்க வைத்து, தலையில் ஒயர்களை ஒட்டி ஏதோ டெஸ்ட் எடுத்தார்கள். டாக்டரம்மா நிதானமாகப் பேசினார்.

"இது பிறவியிலேயே இருக்கிற குறைம்மா. வெடியால வந்தது இல்ல. தீபாவளிக்கு முன்னாடி குழந்தை சத்தத்துக்குத் திரும்பிப் பாத்திருக்காளா?"

ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். மிக்சி போட்டால் அழாத குழந்தை. பிள்ளையார் ஊர்வல மேளத்தில் தூங்கிய குழந்தை. நான் உள்ளே வந்தால் என் முகம் தெரிகிற வரை திரும்பாத குழந்தை. நாள் முழுக்க விரிசலைக் காதால் கண்டுபிடிக்கிறவள் நான். எட்டு மாதம் பக்கத்திலேயே இருந்த என் பிள்ளையை நான் தட்டிப் பார்க்கவே இல்லை.

கொஞ்சம் கேட்கும் திறன் மிச்சம் இருக்கிறது, காது மிஷின் வைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. பிடிக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். இலவச மிஷினுக்கு எழுதிக் கொடுத்தோம். வருவதற்குப் பல மாதம் ஆகலாம் என்றார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் பிராது ஞாபகம் வந்தது. குற்றமே செய்யாதவர்மேல் சாமியிடம் பொய்ப் பிராது கொடுத்திருக்கிறேன். சாமி விசாரிக்க ஆரம்பித்துவிட்டால்? உடனே போய் வாபஸ் வாங்கியிருக்க வேண்டும். நான் போகவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ராஜினாமா கொடுத்தால் சாமி ஃபைலை மூடிவிடுவார், அப்புறம் என் குழந்தையை யார் கவனிப்பது என்று பயந்தேன். அதனால் பிராதையும் விட்டுவைத்து, செந்திலுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று தனியாக வேண்டிக்கொண்டேன். ஒரே சாமியிடம் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருந்தேன். செந்திலின் பஸ் எங்கள் தெருமுனையைத் தாண்டும் நேரம் எனக்குத் தெரியும். அது பத்து நிமிஷம் தாமதமானாலும் என் கை வேலையில் ஓடாது.

வீட்டுக்காரர் சேத்தியாத்தோப்புக்குப் போய் டாக்டரம்மா சொன்னதைத் தம்பியிடம் சொன்னார். அவர் நம்பவில்லை. "எம்மனசு நோவக் கூடாதுன்னு சொல்றீங்கண்ணே. அது மூஞ்ச எப்புடி பாப்பேன்?" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பல மாதம் ஆகும் என்ற மிஷின், பொங்கலுக்கு முந்தின வாரம் வந்துவிட்டதாகக் கடிதம் வந்தது. போனோம். நெஞ்சில் தொங்கவிட ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து இரண்டு காதுக்கும் ஒயர். மாட்டிவிட்டுக் கூப்பிட்டார்கள், கைதட்டினார்கள். அபி ஒயரைப் பிடித்து இழுத்ததோடு சரி. "போடப் போடத்தான் தெரியும். கழட்டாதீங்க" என்றார்கள். மூன்று நாள் போட்டோம். கிலுகிலுப்பை ஆட்டினேன், கட்டையைத் தட்டினேன். ஒன்றும் இல்லை. "எங்க மாதா கோயில்லயும் வேண்டிக்கிட்டிருக்கேன், வுடாத" என்றார் மேரியக்கா. எனக்கு நம்பிக்கை விட்டுப்போய்விட்டது.

பொங்கல் அன்று காலை. வாசலில் கோலம் போட்டு மூன்று கல் கூட்டிப் பானை ஏற்றியிருந்தேன். அபி என் இடுப்பில், நெஞ்சில் மிஷின் பெட்டியோடு. பால் பொங்கி விளிம்பைத் தாண்டியது. என் வீட்டுக்காரர் எப்போதும்போலத் தட்டைக் கரண்டியால் அடித்து, "பொங்கலோ பொங்கல்" என்று குரல் கொடுத்தார்.

என் இடுப்பில் அந்தச் சின்ன உடம்பு விறைத்தது.

அவள் கண் அகலமாகத் திறந்தது. தட்டைப் பார்த்தாள். அப்பாவின் வாயைப் பார்த்தாள். கீழுதடு பிதுங்கியது. பிறகு வீறிட்டு அழுதாள். பயந்து அழுதாள். சத்தத்துக்குப் பயந்து அழுதாள்.

தட்டு அவர் கையிலிருந்து நழுவித் தரையில் கணகணவென்று விழுந்தது. அதற்கு இன்னும் ஓங்கி அழுதாள். யாரும் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. பெற்ற பிள்ளை பயந்து அழுவதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றோம். பால் பாட்டுக்குப் பொங்கி அடுப்பை அணைத்தது. அரிசி போட ஆள் இல்லை. குழந்தையோடு கோலத்தின்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். இப்போது எழுதும்போதும் உடம்பு சிலிர்க்கிறது. மிஷின்தானே கேட்க வைத்தது என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம், மிஷின்தான். அதை நான் தினமும் துடைக்கிறேன், பேட்டரி மாற்றுகிறேன். ஆனால் அன்று அந்த வாசலில் என் பக்கத்தில் யாரோ நின்றார்கள். அதை நான் எப்படி இல்லை என்பேன்?

தலையைத் தூக்கினேன். கேட்டுக்கு வெளியே காக்கிச் சட்டையில் செந்தில் நின்றுகொண்டிருந்தார். பண்டிகைக்காக எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று வந்தவர். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"உள்ள வாங்க தம்பி" என்றேன்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அண்ணி, கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போவணும். நான் ஒரு பிராது கட்டியிருக்கேன். ராஜினாமா குடுக்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நானும் ஒண்ணு கட்டியிருக்கேன் தம்பி. உங்க மேலதான்" என்று உடைத்துச் சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "நானும் எம்மேலதாங்க கட்டினேன்" என்றார்.

மறுவாரம் நால்வரும் போனோம். ராஜினாமா எழுத, முதலில் என்ன கேட்டேன் என்று பார்க்க அந்தக் காலண்டர் தாளை எடுத்துப் போயிருந்தேன். கோயில் மரத்தடியில் உட்கார்ந்து அதைப் படித்தேன். செந்தில் பேர் நான்கு இடத்தில் இருந்தது. அவன் வெடி வைத்தான், அவனை விசாரி, அவனுக்குத் தண்டனை கொடு, அவன் குடும்பம் விளங்கக் கூடாது. கடைசியில் என் கையெழுத்து. என் பிள்ளைக்குக் காது கேட்க வேண்டும் என்ற வரி அதில் இல்லை. முன்பக்கமும் திருப்பிப் பார்த்தேன். தேதிதான் இருந்தது. எட்டு மாதக் குழந்தைக்குத் தாய், ஒரு பக்கம் முழுக்க எழுதியும் குழந்தைக்காக ஒன்றும் கேட்கவில்லை.

"நீங்க என்ன எழுதினீங்க தம்பி?" என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "பெருசா ஒண்ணுமில்ல அண்ணி. தப்பு பண்ணவன் நானு, என்னையக் கேளு, புள்ளையக் கேக்காத. எங்காத எடுத்துக்கிட்டு அதுக்குக் குடுன்னு எழுதினேன்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாமி எங்கள் இரண்டு பிராதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்திருப்பார் என்று நினைத்தபோது, கூசிப்போய்க் கும்பிட்டேன். என் பிராதைத் தள்ளிவிட்டார். செந்தில் பிராதில் பாதியைக் கொடுத்து, மறுபாதியை வாங்காமல் விட்டுவிட்டார். எனக்கு ராஜினாமா எழுதக் கை வரவில்லை. 'பொய்ப் பிராது கொடுத்தேன், மன்னித்துவிடு' என்று மட்டும் எழுதிக் கட்டினேன்.

அபிக்கு இப்போது மூன்று வயது. சொற்கள் கொஞ்சம் தாமதமாகத்தான் வருகின்றன, ஆனால் வருகின்றன. செந்தில் எங்களோடுதான் இருக்கிறார். சாயங்காலம் கேட்டுக்கு வெளியே மறைந்து நின்று விசில் ஊதுவார். உள்ளே விளையாடுகிறவள் போட்டது போட்டபடி ஓடுவாள். நானும் முன்போல நாக்கை நீட்டுவதில்லை; முழுசாக மாறிவிட்டேன் என்று சொன்னால் வீட்டுக்காரர் சிரிப்பார்.

அன்பர்களே, உங்களுக்கும் குறை இருக்கும். நம்பி எழுதுங்கள், அவர் படிக்கிறார். எழுதி முடித்ததும், கட்டுவதற்கு முன்னால் ஒரு முறை வாசித்துப் பாருங்கள். நான் கேட்க மறந்ததை எனக்காகக் கேட்க ஒருவர் இருந்தார். அவர்மேல்தான் நான் பிராது கட்டியிருந்தேன்.