ஏரிக்குச் சும்மா போனோம்

எங்கள் ஊரில் காரணம் இல்லாமல் யாரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவதில்லை. கல்யாணத்துக்குப் போவார்கள், காதுகுத்துக்குப் போவார்கள், துக்கம் கேட்கப் போவார்கள். உரம் வாங்க, பட்டா மாற்ற, பெண் பார்க்க, பல் பிடுங்கப் போவார்கள். இதில் எதுவும் இல்லாமல் புருஷனும் பெண்டாட்டியும் காலையில் பைக்கில் ஏறினால், தெருமுனை தாண்டுவதற்குள் யாராவது "என்ன விஷயம்?" என்று கேட்டுவிடுவார்கள். கேட்பவர் பெரும்பாலும் எங்கள் எதிர்வீட்டு அக்காதான். அவருக்குப் பதில் சொல்லாமல் கீழ்வேளூர் ரோட்டைப் பிடித்தவர் கிடையாது.

நான் மயிலாடுதுறையில் பிறந்து வளர்ந்தவள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா எங்களைக் காவிரிப் பாலம் வரை நடத்திக் கூட்டிப்போவார். பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்ப்போம். தண்ணீர் இல்லாவிட்டால் மணலைப் பார்ப்போம். பிறகு திரும்பி வருவோம், அவ்வளவுதான். அப்படி வளர்ந்துவிட்டு விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டேன். எங்கேயாவது சும்மா போய்விட்டு வரலாமே என்று வாயைத் திறந்தால் போதும், என் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிடுவார்.

"ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாதுன்னு உங்க ஊர்ல பெருமை பேசுவாங்களே, அது இந்த ஊர் சுத்துற பெருமைதானா?"

அவரைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் நிலம் கடைமடை. மேலே இருக்கிற எல்லா வயலும் குடித்து மிச்சம் வைத்த தண்ணீர்தான் எங்களுக்கு வரும். வந்தால் வயலில் இருக்க வேண்டும், வராவிட்டால் வாய்க்கால் தலைப்பில் இருக்க வேண்டும். நடுவில் மனைவியோடு உலாப் போக அவருக்கு ஏது நேரம்?

ஒரு கார்த்திகை மாதம் தஞ்சாவூரில் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டு மன்னார்குடி வழியாகப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். கல்யாணச் சாப்பாட்டு மயக்கத்தில் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். வடுவூரைக் கடக்கும்போது ஏரி தெரிந்தது. நிறைந்த ஏரி. தண்ணீர் மேல் யாரோ எள்ளைக் கொட்டிவைத்தது போலப் பறவைகள். நான் அவரை உலுக்கி எழுப்பினேன். அவர் கண்ணைத் திறந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "எங்க?" என்று கேட்டபோது ஜன்னலுக்கு வெளியே ஒரு செங்கல் சூளை ஓடிக்கொண்டிருந்தது. "போயிடுச்சுங்க" என்றேன். மறுபடி தூங்கிவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன். மகள் வேலைக்குச் சிங்கப்பூர் போய்விட்டாள், வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஒரு நாள், ஒரே ஒரு நாள், எந்தக் காரியமும் இல்லாமல் இந்த மனிதர் என்னோடு வந்து அந்த ஏரிக்கரையில் உட்கார வேண்டும். பறவை பார்க்கிற ஆசை உண்டுதான், ஆனால் அதைவிடப் பெரிய ஆசை இது. இதை அவரிடம் இப்படிச் சொல்லியிருந்தால் உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பார். அதனால் ஏரி, பறவை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அறுப்பு முடியட்டும்" என்றார். முடிந்தது. "உளுந்து எடுத்துடுவோம்" என்றார். அதையும் எடுத்து, அடித்து, மூட்டை கட்டியாயிற்று. சித்திரை பிறந்தது. இனி ஆடு மாடு தவிர ஒரு வேலையும் இல்லை. ஒரு காலையில் புளியோதரை கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து, மகள் அனுப்பிய பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பைக்கில் பின்னால் ஏறினேன். அக்கா வாசலுக்கு வருவதற்குள் வண்டியைக் கிளப்பச் சொன்னேன்.

வடுவூர் போய்ச் சேர்ந்தோம். கரையேறிப் பார்த்தால் ஏரி கட்டாந்தரையாகக் கிடந்தது. நடுவில் மாடுகள் மேய்ந்தன. ஒரு பக்கம் நாலு பேர் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு எருமையின் முதுகில் ஒற்றைக் கொக்கு உட்கார்ந்திருந்தது. நான் வீம்புக்கு அதைப் பைனாகுலரில் பார்த்தேன்.

யோசித்துப் பாருங்கள். நெல்லுக்குத் தண்ணீர் வேண்டாத நாளில்தான் எங்களுக்கு ஓய்வு. நெல்லுக்குத் தண்ணீர் வேண்டாத நாளில் ஏரிக்கு எங்கிருந்து தண்ணீர் வரும்? மேட்டூரை மூடி மாசக்கணக்காகிவிட்டது. பறவைகள் வருவது ஐப்பசி கார்த்திகையில், அவை கொண்டாட்டமாக இருப்பது மார்கழி தையில். அப்போது நாங்கள் வயலை விட்டு அசைய முடியாது. காவிரித் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு பேர், இதைக்கூட யோசிக்காமல் வேலை ஒழிந்த நாளாகப் பார்த்து ஏரிக்கு வந்து நிற்கிறோம். வேறு ஊர்க்காரன் யாராவது வந்திருந்தால் கூகுளில் பார்த்துவிட்டு வந்திருப்பான். எங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே!

அவர் சிரிக்க ஆரம்பித்தார். புளிய மரத்தடியில் உட்கார்ந்து புளியோதரையைத் தின்றுகொண்டே சிரித்தார். "பாத்தாச்சுல்ல? போலாமா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. சாப்பிட்ட கையோடு திரும்பினோம். அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. வருத்தம் வந்தது தெருவுக்குத் திரும்பிய பிறகுதான்.

"எங்க தம்பி, ரெண்டு பேருமா கெளம்பிப் போனீங்க? என்ன விஷயம்?" எதிர்வீட்டு அக்கா கேட்டார்.

காய்ந்த ஏரியைப் பார்க்கப் போனோம் என்று சொல்ல என் வீட்டுக்காரருக்கு வெட்கம். "மன்னார்குடில ஒரு துக்கங்க்கா" என்றார்.

"அடடா, யாரு?"

"எங்களுக்குப் பெரியப்பா மொற."

"வயசானவரா?"

"எம்பதுக்கு மேல இருக்கும். நல்ல சாவுதான்."

இல்லாத ஒரு பெரியப்பாவை எண்பது வயது வரை வளர்த்து, நிமிஷத்தில் சாகடித்துவிட்டு வண்டியை எங்கள் வாசலில் நிறுத்தினார். துக்க வீட்டுக்குப் போய்வந்தவர்கள் என்று தெருவே நினைப்பதால் வாசலிலேயே தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. "என்னோட ஒரு நாள் வெளிய வந்தத சொல்ல ஒங்களுக்கு அவ்வளவு கேவலமா இருக்கா?" என்று கேட்டேன். ஈரத்தலையோடு நின்றார். எனக்கு உண்மையாகவே வலித்தது.

அந்த வருஷம் மார்கழியில் எங்கள் சம்பா பால் பிடித்து நின்றது. கதிரில் பூச்சி விழும் சமயம் பார்த்து மருந்தடிக்கிற மெஷின் மக்கர் செய்தது. அதற்கு வேண்டிய பாகம் திருவாரூரில் கிடைக்கவில்லை, தஞ்சாவூரில்தான் கிடைக்கும் என்றார்கள். அவர் பைக்கை எடுத்தபோது நானும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டேன். பைனாகுலர் பையின் அடியில், எலுமிச்சைச் சோற்றுக்குக் கீழே இருந்தது. தஞ்சாவூரில் வேலை சீக்கிரம் முடிந்தது. புது பாகத்தைப் பையில் போட்டுக்கொண்டு, நல்ல மனநிலையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அதுதான் சமயம் என்று கேட்டேன்.

"மன்னார்குடி பக்கமா போலாங்க."

"சுத்தாச்சே. எதுக்கு?"

"பெரியப்பா செத்த எடத்த ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்."

டீ அவருக்குப் புரையேறியது. "பத்து நிமிஷம்தான். விடியக்காலைல மருந்தடிக்கணும்" என்றார். சரி என்றேன்.

இந்த முறை ஏரி கரை முட்ட நின்றது. நான் மேலே ஏறி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். கருவேல மரங்களெல்லாம் தண்ணீருக்குள் நின்றன. ஒவ்வொரு மரத்திலும் வெள்ளையும் கறுப்புமாகப் பறவைகள். தண்ணீரில் கூட்டம் கூட்டமாக வாத்துகள் தலையை முதுகில் சொருகிக்கொண்டு மிதந்தன. நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. அவர் என்ன சொல்லப்போகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் மதகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு தண்ணியும் இங்க கட்டி வச்சிருக்கானுங்க. அப்புறம் கடைமடைக்கு எப்படி வரும்?"

"இது வேற ஆத்துத் தண்ணிங்க. நமக்கு வர்றது வேற."

"எல்லாம் ஒரே காவேரிதான்."

ஏரியோடு சண்டைக்கு நிற்கிற மனிதரை என்ன செய்வது? பைனாகுலரை எடுத்து அவர் கையில் திணித்தேன். வேண்டாவெறுப்பாகக் கண்ணில் வைத்தார். ஒவ்வொரு மரமாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இந்த வாய் மூடாத நாரை நம்ம வயலுக்கு வந்து நத்தை பொறுக்கும்ல?" என்றார். நத்தைகுத்தி நாரைதான். அதன் அலகு மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும். "ஆமாங்க" என்றேன். "நல்ல ஆளு இது" என்று சான்றிதழ் கொடுத்தார். எனக்கு நம்பிக்கை பிறந்தது.

அடுத்த நிமிஷம் அவர் உடம்பு விறைத்தது. கரையோரக் கோரையில் ஐந்தாறு நீலக்கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. வீட்டுக்கோழி அளவு, சிவந்த நெற்றி, சிவந்த கால், உடம்பெல்லாம் நீலம். எனக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்தது. ஆனால் எங்கள் நாற்றங்காலில் புகுந்து குருத்தைப் பிய்த்துப்போடுவது இந்தக் கோழிதான். ஒவ்வொரு வருஷமும் டின்னைத் தட்டியும் வெடி போட்டும் அவர் சண்டை போடுகிற எதிரி. அதில் ஒன்று ஒரு தண்டைப் பிடுங்கிக் காலில் பிடித்துக்கொண்டு கடித்ததைக் கண்டதும், தான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு மறந்துவிட்டது.

கையைப் படாரென்று தட்டினார். "ஹோ...ய்ய்! ஹே! ஹே! ஹோ...ய்ய்!"

கடைமடை விவசாயியின் தொண்டை அது, நாலு வயல் தாண்டிக் கேட்கும். நீலக்கோழிகள் கோரைக்குள் ஓடி மறைந்தன. ஆனால் அதோடு நிற்கவில்லை. முதலில் பக்கத்து வாத்துகள் எழும்பின. அவற்றைப் பார்த்து அடுத்த கூட்டம், அதைப் பார்த்து அதற்கடுத்த கூட்டம். ஏரியே எழுந்து வானத்துக்குப் போவது போலிருந்தது. தலைக்கு மேல் இறக்கைச் சத்தம் மழை மாதிரி இரைந்தது. நாரைகள் மரங்களை விட்டு வட்டமடித்தன. அவர் கையைத் தட்டிய நிலையிலேயே வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து நின்றார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷம்தான்.

பறவைகள் சரணாலயத்துக் காவலர் ஓடிவந்தார். "என்ன சார் இது? பெரிய மனுஷன் இப்படிப் பண்ணலாமா? பறவைய வெரட்டுறதுக்கா இங்க வந்தீங்க?"

"பழக்க தோஷங்க. தெரியாமப் பண்ணிட்டேன், மன்னிச்சிக்குங்க" என்று கும்பிட்டார். அவர் முகம் சுண்டிப்போனது. திருவையாற்றிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, "விடுங்க, வந்ததுலேருந்து எல்லாம் தூங்கிக்கிட்டுதான் கெடந்துச்சு. ஐயா கத்துனதாலதான் இத நாங்க பாத்தோம்" என்று பரிந்து பேசினார். காவலருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விறைப்பாக, "இனிமே கத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் பையைத் தூக்கித் தோளில் மாட்டினேன். அவர் சொன்ன பத்து நிமிஷம் எப்போதோ முடிந்திருந்தது. "போலாங்க" என்றேன்.

"எங்க போறது? அதுங்கள நாமதான கெளப்பிவிட்டோம். எல்லாம் வந்து உக்காரட்டும், அப்புறம் போலாம்" என்றார். கரையில் துண்டை விரித்து உட்கார்ந்தார்.

அவை லேசில் உட்காரவில்லை. ஒரு கூட்டம் இறங்கும், சந்தேகப்பட்டு மறுபடி எழும்பும். "அந்த மூலைக்கு இன்னும் வரல பாரு" என்பார். எலுமிச்சைச் சோற்றைச் சாப்பிட்டோம். பைனாகுலர் அவர் கையிலேயே இருந்தது, கேட்டாலும் கொடுக்கவில்லை. வெயில் சாய்ந்தது. கடைசி வாத்துக் கூட்டம் இறங்கி அமைதியான பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு இடுப்பு வலித்தது, கொசு கடித்தது. மறுபடியும் போகலாம் என்று நானாகச் சொல்வேனா? அந்த நாளுக்காக எத்தனை நாள் காத்திருந்தவள் நான்! வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

தெருவுக்கு வந்தபோது விளக்கு வைத்து வெகுநேரமாகியிருந்தது. எதிர்வீட்டு அக்கா வாசலில்தான் இருந்தார்.

"காலைல போனவங்க இப்பதான் வர்றீங்க? என்ன தம்பி, மன்னார்குடியா? பெரியப்பா வீட்ல விசேஷமா? அவரு போயி இன்னும் வருஷம் திரும்பலையே?"

அந்தப் பாவப்பட்ட பெரியப்பாவுக்கு இப்போது என்ன சடங்கு நடக்கப்போகிறதோ என்று நினைத்தேன். மெஷினுக்குப் பாகம் வாங்கப் போனோம் என்று சொன்னாலும் போதும், அது நிஜம்தானே. பையில்தான் இருக்கிறது.

அவர் வண்டியை நிறுத்தி, காலை ஊன்றினார்.

"இல்லக்கா, நானும் இவளும் வடுவூர் ஏரிக்குப் போயிருந்தோம்."

"ஏரிக்கா? அங்க என்ன விஷயம்?"

"ஒரு விஷயமும் இல்லக்கா. சும்மாதான்."