கொலின்யோனின் பாரிஸ் கோட்டு

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். லாம்பேர் கொலின்யோனுக்கு வந்த வாழ்வுதான் என்ன பெரிய வாழ்வு? பாரிஸில் ஒரு கண்ணாடிக் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் உத்தியோகம். வாரத்தில் மூன்று நாள் பெல்ஜியத்தில் இருக்கும் எங்கள் லியேஜில் வேக வண்டி ஏறுவார், இரண்டேகால் மணி நேரத்தில் எல்லை தாண்டிப் பாரிஸ் போய்ச் சேருவார், சாயங்காலம் திரும்பி வருவார். பத்தொன்பது வருஷமாக இதையேதான் செய்துகொண்டிருந்தார். அதற்கே மனுஷனுக்குக் கண் தலைக்கு மேலே போய்விட்டது.

எங்கள் தெருவில் எதுவும் அவருக்கு ஆகாது. மூலைக்கடைக்காரர் ஜில் சுடுகிற ரொட்டி ரப்பர். காப்பி கழுநீர். நாங்கள் பேசுகிற பிரெஞ்சு பட்டிக்காட்டுப் பிரெஞ்சு. "பாரிஸ்ல இதை நாய்கூட மோந்து பாக்காது" என்பார், ஜில் கடை வாஃபிளின் மூன்றாவது துண்டை வாயில் போட்டுக்கொண்டே. அவருடைய மனைவி பெர்னதெத் பாவம், எங்களைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொள்வாள்.

எல்லாவற்றையும்விட அவர் கேவலமாக நினைத்தது சாதாரண வண்டியை. "அது வண்டியா? சக்கரம் வச்ச மாட்டுக்கொட்டகை. ஒவ்வொரு ஊர்லயும் நின்னு ஒவ்வொரு சைக்கிளையும் ஏத்திக்கிட்டு வரும்." தப்பித்தவறிக்கூட அவர் அதில் கால் வைத்ததில்லை.

ஆனால் அவருடைய ஒரே மகள் ஒதில் காதலித்தது அந்த மாட்டுக்கொட்டகையில் டிக்கெட் பார்க்கிற பையனைத்தான். யோரிஸ் என்று பெயர். பக்கத்திலிருக்கும் டோங்கரன் ஊர், டச்சு பேசுகிற ஃபிளெமிஷ்காரன், அதிர்ந்து பேசாத பிள்ளை.

"டிக்கெட் கிழிக்கிறவன். அதுலயும் ஃபிளெமிஷ்காரன். உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

"இப்பல்லாம் யாரும் கிழிக்கிறதில்லப்பா. மெஷின்ல காட்டினாப் போதும்."

மூன்று வருஷம் அந்தப் பையனை வீட்டு வாசப்படி ஏற விடவில்லை. கடைசியில் கல்யாணத் தேதி குறித்துவிட்டு ஒதில் அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள். "நகர மன்றத்துல என் பக்கத்துச் சாட்சியா நீங்கதான் கையெழுத்துப் போடணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அந்த ஒரு கையெழுத்தைப் போடுங்க, மூணு வருஷமா நீங்க பேசினது எல்லாத்தையும் நான் மறந்துடறேன்." கொலின்யோன் சரி என்றார். அன்றைக்கு ராத்திரி அவர் கண் கலங்கினார் என்று பெர்னதெத் சொன்னாள். எங்களுக்கு அப்போது நம்பிக்கை வரவில்லை. ஆனால் அது நிஜம்தான். மகள்மேல் உயிரையே வைத்திருந்தார் அந்த மனுஷன்.

கல்யாணம் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு. வெள்ளிக்கிழமை மணப்பெண்ணின் அப்பா எங்கே இருந்தார்? பாரிஸில். கோட்டு தைத்து வாங்கப் போயிருந்தார். "லியேஜ் தையல்காரன் தச்சதைப் போட்டுக்கிட்டு நிக்கிறதுக்கு நான் என்ன தபால்காரனா?" என்று கேட்டாராம். தபால்காரருக்கு என்ன குறைச்சல் என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டே கிளம்பினார். அரை மணி முன்னதாக ஸ்டேஷனுக்கு வருகிறவன் பயணம் தெரியாதவன் என்பது அவர் கொள்கை. ஆகவே வழக்கம்போல வண்டிக் கதவை மூடுகிற நேரத்துக்கு வந்து, எதிரே இருந்த பெட்டியில் தாவி ஏறினார். அது பின்பாதி. இரண்டு வண்டிகளைக் கோத்துத்தான் பாரிஸிலிருந்து அனுப்புவார்கள். பிரஸ்ஸல்ஸில் பிரித்து, முன்பாதி லியேஜ் வழியாக ஜெர்மனிக்குப் போகும், பின்பாதி ஆம்ஸ்டர்டாமுக்குப் போகும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு உள்ளே நடந்து போக வழி கிடையாது. இதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

வண்டி வழியில் ஒரு வயல்வெளியில் கால் மணி நேரம் நின்றுவிட்டது. டிக்கெட் பார்க்க வந்த ஃபிளெமிஷ் பெண் மரியாதையாகத்தான் சொன்னாள்.

"பிரஸ்ஸல்ஸ்ல இறங்கி முன்பக்கம் போய் ஏறிக்கணும் சார். இன்னிக்கு லேட்டு, அதனால அறிவிப்பைக் கொஞ்சம் கவனிங்க."

"நீ பள்ளிக்கூடம் போறப்பவே நான் இந்த வண்டியில போயிட்டிருந்தேன்மா. பிரஸ்ஸல்ஸ்ல பன்னிரண்டு நிமிஷம் நிக்கும். நீ எனக்குச் சொல்லித் தராதே."

"சரிங்க சார்" என்று அவள் அடுத்தவரிடம் போனாள்.

பிரஸ்ஸல்ஸுக்குச் சற்று முன்னால் வண்டி ஃபிளெமிஷ்காரர்கள் மண்ணைத் தொடும். அங்கே அறிவிப்பு முதலில் டச்சில்தான் வரும், அப்புறம்தான் பிரெஞ்சு. எங்கள் பக்கத்து ஆட்களில் பாதிப் பேருக்கு ஒரு வியாதி உண்டு. டச்சு கேட்டதும் காது தானாக அடைத்துக்கொள்ளும். கொலின்யோன் இன்னும் ஒரு படி மேலே போய், முதல் வார்த்தை விழுந்ததுமே ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொள்வார். அன்றும் மாட்டிக்கொண்டார். பிறகு பிரெஞ்சிலும் சொன்னார்கள், இரண்டு தடவை சொன்னார்கள்: தாமதம் காரணமாக லியேஜ் போகும் வண்டி மூன்றே நிமிஷத்தில் புறப்படும். அவர் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

வண்டி நின்றதும் மிச்சக் காப்பியைக் குடித்தார். பத்திரிகையை மடித்தார். கோட்டுக் கையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டார். இறங்கி ஜமீன்தார் மாதிரி நடந்தார். பாதி தூரம் போவதற்குள் முன்பாதியின் சிவப்பு விளக்கு பிளாட்பாரத்தை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

அப்போதும் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. மணி பத்தே கால்கூட ஆகவில்லை. பத்து நிமிஷத்தில் பக்கத்துப் பிளாட்பாரத்தில் சாதாரண வண்டி இருந்தது, பதினொன்றரைக்குள் லியேஜில் இறக்கிவிடும். வண்டி தவறியதைக் கேட்டு பெர்னதெத் போனில் கெஞ்சினாள்.

"அதுல ஏறிடுங்க. அந்த வண்டி கார்டு யோரிஸோட சிநேகிதராம். யோரிஸே அவர்கிட்ட உங்களுக்கு நல்ல இடமாப் பாத்து வைக்கச் சொல்லியிருக்கார்."

அந்தச் சொல்தான் காரியத்தைக் கெடுத்தது. ஏறியிருப்பாரோ என்னவோ. சைக்கிள்களையும் சிப்ஸ் தின்கிற பிள்ளைகளையும்கூட மகளுக்காகச் சகித்திருப்பார்.

"டிக்கெட் கிழிக்கிறவன் சிபாரிசுல நான் உட்காரணுமா? பதினோரு மணிக்கு ஜெர்மனிக்குப் போற வேக வண்டி இருக்கு. முக்கால் மணி நேரம். பன்னிரண்டுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கறப்போ வாசல்ல நிப்பேன், பாரு."

"நமக்கு அப்புறம் இன்னொரு ஜோடி நிக்குதுங்க. சனிக்கிழமை யாருக்காகவும் காத்திருக்க மாட்டாங்க."

"எனக்குத் தெரியும்" என்று போனை வைத்தார்.

சாதாரண வண்டி அவர் கண் முன்னால் நேரத்துக்கு வந்து, நேரத்துக்குப் போனது. பதினோரு மணி வேக வண்டிக்குப் பலகையில் ஐந்து நிமிஷம் தாமதம் என்று போட்டார்கள். அப்புறம் பதினைந்து. அப்புறம் முப்பத்தைந்து. அடுத்த சாதாரண வண்டி பதினொன்றரைக்குத்தான். அதில் ஏறினாலும் பன்னிரண்டுக்குள் போய்ச் சேர முடியாது. கோட்டு கசங்கும் என்று பெஞ்சில்கூட உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

அவர் டாக்சியில் வந்து நகர மன்றத்தில் இறங்கியபோது மணி பன்னிரண்டு முப்பத்தைந்து. படிக்கட்டெல்லாம் அரிசி. மணமக்கள் தலையில் நாங்கள் போட்டது. அதற்குள் அடுத்த ஜோடி உள்ளே போயிருந்தது.

"கையெழுத்து?" என்றார்.

"ஆயிடுச்சுப்பா. ஜில் போட்டார்."

ரப்பர் ரொட்டி சுடுகிற ஜில். கேக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போக இருந்தவரைக் கூப்பிட்டு, அடையாள அட்டையைக் காட்டச் சொல்லி, கொலின்யோன் போட வேண்டிய இடத்தில் போட வைத்தார்கள். மாவு ஒட்டின கையைத் துடைத்துக்கொண்டு அவர் கையெழுத்துப் போட்டதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

யோரிஸ்தான் முதலில் கை நீட்டினான். கொலின்யோன் அதைப் பிடித்துக்கொண்டார், விடத் தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார். மகள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் கிட்டே வந்து, கன்னத்தில் ஒரு முத்தம் வைத்து, அவர் காலரை நேராக்கிவிட்டாள்.

"கோட்டு ரொம்ப நல்லா இருக்குப்பா" என்றாள். "வாங்க, போட்டோவுக்கு நில்லுங்க."