கைதட்டல் வாங்கிய கட்டுரை

மழையில் நனைந்த கம்பளி ஸ்வெட்டர்களின் வாடை அடிக்கும் வகுப்பறை அது. காக்ஸ் டவுனில் நாங்கள் ஏழாம் வகுப்பு படித்த தமிழ்ப் பள்ளியில், ஒரே பெஞ்சில் நானும் செல்வியும் ஒட்டி உட்கார்ந்திருப்போம். காவிரித் தண்ணீர்த் தகராறில் தமிழர் வீடுகளைக் கொளுத்தி, ஊர் பற்றியெரிந்ததற்கு மறு வருஷம். பெரியவர்கள் அதைக் "கலாட்டா" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள், ஏதோ கல்யாண வீட்டுச் சண்டை போல.

செல்விக்கு அது அப்படி முடியவில்லை. கும்பல் வருகிறது என்றதும் அவள் அம்மா, வீடு தீப்பிடித்துவிடக் கூடாதே என்று ஸ்டவ்வை அணைத்து, கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்தும் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளோடு ஓடினாராம். மூன்றாம் நாள் திரும்பியபோது கதவு எரிந்துபோய், பூட்டு மட்டும் சாம்பலில் கிடந்ததாம். "யாருக்கும் சொல்லாதடி, பாவம்னு பாப்பாங்கன்னு அம்மா சொல்லியிருக்குது" என்று சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாள்.

அந்த வாரம் தமிழ் மிஸ் ஒரு கதை நடத்தினார். கூலி உயர்த்திக் கேட்டவர்களைக் குடிசையோடு கொளுத்திய கதை. "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும். உங்களுக்கே வந்ததா நெனச்சு எழுதுங்க" என்றார். எனக்கு எதுவும் வந்ததில்லையே! செல்வியின் அம்மாவைத் தூக்கி அந்தக் குடிசைக்குள் வைத்தேன். ஸ்டவ்வை விறகடுப்பாக்கினேன், பூட்டை அப்படியே விட்டேன்.

அதை வாசித்துக் காட்டும்போதே மிஸ் அழுதுவிட்டார். வகுப்பும் அழுதது, பிறகு கைதட்டியது. செல்வி வெறும் தாளைக் கொடுத்திருந்தாள். "பக்கத்துல இருக்கிறவ எப்படி எழுதியிருக்கா பாரு, உனக்கு மனசே கிடையாதா?" என்று அவளை நிற்கவைத்துக் கேட்டார் மிஸ். நான் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவி, கைதட்டல் இனித்தது. மறுநாள் அவள் வேறு பெஞ்சுக்குப் போனாள்; அரையாண்டுப் பரீட்சைக்கு முன்பே பொம்மசந்திரா பக்கம் குடிபோய்விட்டார்கள்.

இன்று வைட்ஃபீல்டில் நானும் இலக்கியம் நடத்துகிறேன். இப்படிப்பட்ட பாடம் வந்தால் அழாத பிள்ளையை அதட்டுவதில்லை, உனக்கு வந்ததாக நினைத்து எழுது என்றும் கேட்பதில்லை. காக்ஸ் டவுன் பள்ளி இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது, மிஸ்ஸும் இல்லை, செல்வி எங்கே என்று தெரியவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். எழுதி முடித்துப் பார்த்தால், யாருக்கும் சொல்லாதே என்று அவள் சொன்னதை இரண்டாம் முறையும் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன்.