டபுள் சீட்டு

கையெழுத்து கோணல், பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் பக்கத்துப் பையன் மென்ற பபிள்கம் வாசனையில், நொச்சிக்குப்பத்தில் இடித்துவிட்ட எங்கள் பழைய குடியிருப்பின் மாடிப்படி ஞாபகம் வந்தது. அதன் அடியில், அடிபம்புச் சத்தத்துக்கு நடுவே, பபிள்கம்மோடு வரும் கிரிக்கெட் சீட்டுகளைப் பரப்பி, யார் சீட்டில் ரன் அதிகம் என்று பையன்கள் ஆடுவார்கள். என்னிடம் இருந்தது இரண்டே சீட்டு, இரண்டிலும் ஒரே ஆட்டக்காரர்.

"டபுள் செல்லாது நைனா, மாத்திக்கினு வா" என்பான் சேகர். மாற்றிக்கொள்ள யாரும் வரமாட்டார்கள். சேகருக்கே டபுள் வந்த அன்று, டபுளுக்கு இரண்டு மடங்கு மதிப்பு என்றான். மறுநாள் ஆசையாக என்னுடையதை நீட்டினேன்.

"அது நேத்து ரூலு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்புறம் மேல்படியில் உட்கார்ந்து, வலது கைக்கும் இடது கைக்கும் நானே ஆட்டம் வைப்பேன். இரண்டும் ஒரே சீட்டு என்பதால் எந்தக் கையும் ஜெயித்ததில்லை.

எழுதியது தைப்பூசத்தன்று.