நின்ற தண்ணீரின் உயரம்

ஆவடிப் பக்கத்து ஏரி ஒன்றில் எனக்கு லஸ்கர் வேலை. மதகு ஷட்டரை ஏற்றி இறக்குவதும், கீழே பாசனக் கால்வாயில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அளந்து சொல்வதும்தான் அந்த வேலை. பாசனம் என்பது இப்போது பேருக்குத்தான். வயல் இருந்த இடமெல்லாம் வீடு. அதில் ஒன்று என் தங்கையுடையது.

அளப்பது பெரிய வித்தை இல்லை. முதலில் கால்வாய்க் கரையில் நட்டிருக்கும் அளவுகோலில் உயரத்தைப் பார்க்க வேண்டும். பிறகு காய்ந்த தேங்காய் மட்டைத் துண்டு ஒன்றைத் தண்ணீரில் போட்டு, பத்து மீட்டர் தள்ளி இருக்கும் கல்லை அது எத்தனை நொடியில் தாண்டுகிறது என்று பார்க்க வேண்டும். உயரமும் வேகமும் சேர்ந்தால்தான் கணக்கு. கொட்டுகிற மழையில் மட்டைக்குப் பின்னால் யார் நடப்பது? மதகை ஒட்டிய எங்கள் ஷெட் சுவரில் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கும். இத்தனை அடி உயரம் என்றால் இத்தனை கன அடி தண்ணீர் போகிறது என்று அதுவே சொல்லிவிடும். மழை நாளில் நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் எழுதுவோம். வருஷக்கணக்கில் எழுதியும் ஒன்றும் ஆகவில்லை. அந்தத் திமிர் எனக்கும் இருந்தது.

அந்த மழைக்காலத்தில் ஏரி நிரம்பி, காலையில் ஷட்டரை ஓரடி திறந்திருந்தோம். பத்து மணி வாக்கில் தங்கை போன் செய்தாள். சர்க்கரை முற்றி அவள் கணவரின் ஒரு பாதத்தை எடுத்து இருபது நாள்கூட ஆகவில்லை. கட்டிலோடு கிடந்தார்.

“அண்ணா, தெருமுனைல தண்ணி கீது. இவர ஆட்டோல ஏத்திகினு நசரத்பேட்டைல நாத்தனார் ஊட்டுக்குப் போய்டட்டா?”

ஷெட் ஜன்னலில் இருந்தே அளவுகோலைப் பார்த்தேன். இரண்டடியில் இருந்த தண்ணீர் மூன்றரைக்கு ஏறியிருந்தது. அட்டவணைப்படி அது நல்ல ஓட்டம்.

“கால்வா நல்லா இஸ்துகினு போவுது. புண்ணுக் காலோட அவர எங்க அலைய வெப்ப? ஊட்லயே இரு.”

அதே அளவை அலுவலகத்துக்கும் சொன்னேன். கால்வாய் அவ்வளவு வாங்குகிறது என்றால் இன்னும் அரையடி திறக்கலாம் என்றார் பொறியாளர். சக்கரத்தைச் சுற்றித் திறந்தவன் நான்தான்.

தண்ணீர் போகவே இல்லை. தங்கை தெருவைத் தாண்டிக் கால்வாய்மேல் இருக்கும் சிறு பாலத்தின் அடியில் யாரோ வீசிய மெத்தை சிக்கி, அதன்மேல் குப்பை சேர்ந்து அடைத்திருந்தது. போக வழியில்லாமல் தேங்கித்தான் உயரம் ஏறியிருக்கிறது. மட்டையைப் போட்டிருந்தால் போட்ட இடத்திலேயே கிடந்திருக்கும். ஒரு நிமிஷ வேலை. சோம்பேறி நாய் நான், செய்யவில்லை.

அரைமணியில் அவள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். ஷட்டரை இறக்கிவிட்டு நான் ஓடிப் போனபோது, அக்கம்பக்கத்தார் அவரைத் தூக்கிச் சமையல் மேடைமேல் உட்கார வைத்திருந்தார்கள். கால் கட்டு முழுக்கச் சாக்கடைத் தண்ணீரில் ஊறியிருந்தது. அன்றைக்கு வந்த காய்ச்சல் இறங்கவே இல்லை. பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அலுவலகத்தில் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சொன்ன உயரம் சரிதானே. பதிவேட்டில் என் கையெழுத்தில் ‘தடையின்றிச் செல்கிறது’ என்று இருக்கிறது.

காரியத்தன்று அந்த நாத்தனார் அழுதுகொண்டே, “அன்னிக்கே எங்க ஊட்டுக்கு வந்திருக்கலாம் இல்ல?” என்று கேட்டார். அதுவரை சுவரில் சாய்ந்து கிடந்த தங்கைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“எங்கண்ணன் இன்னா பண்ணும்? அம்மாம் மழைல நின்னு, தண்ணி ஓடறத கண்ணால பாத்துட்டுத்தான் என்னை இருக்கச் சொல்லுச்சு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.