இடது கைச் சோறு

ரமணி வீட்டுக்கு நான் போனது அவள் கணவர் லோகேஸ்வரனைப் பார்த்துக்கொள்ள. பக்கவாதத்தில் அவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறும். காலையில் குளிப்பாட்டி, கை கால்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். ஆனால் அந்த வீட்டில் எனக்கு அதிகக் கவலை தந்தவள் ரமணிதான்.

விடியுமுன் சமைத்து, கணவருக்கு ஊட்டிவிட்டு, மோட்டார் சைக்கிளில் தீவிலிருந்து கடல் பாலத்தைக் கடந்து அக்கரையில் பிறையில் தொழிற்சாலை வேலைக்குப் போவாள். மதியம் அவருக்கு உறிஞ்சுகுழல் போட்ட பால் மட்டும். மாலை நெரிசலில் திரும்பி வந்துதான் சோறு ஊட்டுவாள். அவர் பட்டினி கிடக்கும்போது தனக்கு இறங்காது என்று அவளும் மதியம் சாப்பிடுவதில்லை. மூன்று வருடமாக இதே ஓட்டம். வயிற்றில் புண், கொத்தாக முடி உதிர்வு, படுத்தால் தூக்கமில்லை. சின்ன விஷயத்துக்கும் கணவர்மேல் எரிந்து விழுவாள். பிறகு குளியலறையில் போய் அழுவாள்.

கிளினிக்குக்கு நான்தான் இழுத்துப் போனேன். இரத்த அழுத்தம் மிக அதிகம், சிறுநீரகத்தையும் தொட்டுவிட்டது என்றார் டாக்டர். மாத்திரை மட்டும் போதாது, ஓய்வில்லாமல் இப்படியே போனால் அடுத்துப் படுக்கப் போவது நீங்கள்தான் என்றார். அவரை யார் பார்ப்பது என்று ரமணி திருப்பிக் கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் வழியைச் சொன்னேன். அவருடைய இடது கை நன்றாக இருக்கிறது, சீப்பைப் பிடிக்கிறார், கரண்டியையும் பிடிப்பார்.

"இடது கையிலயா? கழுவுற கை ஆன்ட்டி அது. மாமியார் இருந்தா என்னை வீட்ட விட்டே துரத்தியிருப்பாங்க."

"மாமியாரா வந்து ஊட்டப் போறாங்க?"

இரண்டு நாள் நான் வருமுன்பே வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

மூன்றாம் நாள் எனக்கு அடுத்த வீட்டில் வேலை இல்லை, மாலைவரை இருந்தேன். ரமணி வந்ததும் வராததுமாகத் தட்டை எடுத்தாள். அவசரமாக ஊட்டினாள். ரசச்சோறு அவர் நெஞ்சில் கொட்டியது. வாயை ஒழுங்காகத் திறக்கக்கூடாதா என்று கத்தினாள். அவர் இடது கையால் கரண்டியைப் பற்றினார். அவள் விடவில்லை. அவரும் விடவில்லை.

"நீ... சாப்புடு லா," என்றார்.

அவள் விட்டாள். முதல் கரண்டியில் பாதி மடியில் விழுந்தது, மீதி வாய்க்குப் போனது. நான் இன்னொரு தட்டில் சோறு போட்டு அவள் முன் வைத்தேன். சாப்பிட்டாள்.

இப்போது மதியச் சோறு மூடி போட்ட கிண்ணத்தில் அவர் பக்கத்தில் இருக்கும். அவளும் தொழிற்சாலையில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாள். வேலை விட்டு வந்ததும் கொஞ்ச நேரம் கண்ணயர்கிறாள். ஞாயிறு காலையில் தண்ணீர்மலைக் கோயில்வரை தனியாக நடக்கிறாள். அழுத்தம் இறங்கியிருக்கிறது, மாத்திரை நிற்கவில்லை. சிறுநீரகத்தில் போனது போனதுதான்.

உறவுக்காரர்கள் வந்தால் மட்டும் அவளே ஊட்டுகிறாள். அவரும் வாயைத் திறக்கிறார்.